வாகன விற்பனை நிலையங்களிலும் பழுதுநீக்கும் பட்டறைகளிலும் பணிப் பாதுகாப்பு: தொழிலாளரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

அறிமுகம்

கார், இருசக்கர வாகனம், டிராக்டர் ஆகியவற்றை விற்கும் நிலையங்களில் ஒரே வளாகத்துக்குள் பல தொழில்கள் நடைபெறுகின்றன. முகப்பில் காட்சிக்கூடம் இருக்கும். அதன் பின்னால் பழுதுநீக்கும் பட்டறை, டிங்கரிங், பெயின்டிங், வாட்டர் சர்வீஸ், பேட்டரி அறை, உதிரிபாகக் கிடங்கு ஆகியவை அமைந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது ஒரு கடை. உள்ளே பணிபுரிவோருக்கு இது ஒரு தொழிற்கூடத்தின் அத்தனை ஆபத்துகளும் நிறைந்த இடம்.

நீங்கள் அனந்தபுரத்திலோ செஞ்சியிலோ சாலையோரப் பட்டறையில் பணிபுரியலாம். திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரி ஆகிய ஊர்களிலுள்ள பெரிய விற்பனை நிலையத்துக்கு நாள்தோறும் சென்று வரலாம். இரு தரப்பினருக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் இப்பக்கம் உரியது.

பாதுகாப்புப் பண்பாடு என்றால் என்ன?

தலைக்கவசம், கையுறை, தீயணைப்பான் ஆகியவை பாதுகாப்புக் கருவிகள். அவற்றை எவரும் பார்க்காத வேளையிலும் பயன்படுத்தும் வழக்கமும், தவறு நேர்ந்தால் அச்சமின்றிச் சொல்லும் வழக்கமும் சேர்ந்ததே பாதுகாப்புப் பண்பாடு ஆகும்.

ஒரு பணியிடத்தில் இப்பண்பாடு உள்ளதா என அறிய ஒரு கேள்வி போதும்: சிறு காயமும், மயிரிழையில் தவறிய விபத்தும், உடலில் தோன்றும் முதல் மாற்றமும் அன்றே சொல்லப்படுகின்றனவா? ஜாக்கி வழுக்கியபோது எவருக்கும் அடிபடவில்லை என்பதால் அச்செய்தி அங்கேயே மறைக்கப்பட்டால், அதே ஜாக்கி அடுத்த வாரம் மற்றொருவர் மேல் சரியக்கூடும். உரிய காலத்தில் சொல்லப்படாத இருமல், சில ஆண்டுகளில் வாழ்நாள் முழுதும் தொடரும் ஆஸ்துமாவாக மாறக்கூடும். இப்பக்கத்தின் முதன்மையான அறிவுரை இதுவே: அன்றே சொல்லுங்கள், பணியிடத்திலும் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

உடனடி ஆபத்துகள்

வாகனம் சரிதல்: ஜாக்கி வாகனத்தைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தூக்கிய பின் ஜாக்கி ஸ்டாண்டு வைக்காமல் எவரும் அடியில் செல்லக் கூடாது. செங்கல், மரக்கட்டை, பழைய சக்கரம் ஆகியவை அதற்கு மாற்றாக மாட்டா. லிஃப்டில் ஏற்றிய வாகனத்தைச் சற்றே உயர்த்தியதும் நிறுத்தி, நான்கு தாங்கிகளும் சரியாகப் பொருந்தியுள்ளனவா எனப் பார்த்த பின்பே மேலும் உயர்த்த வேண்டும்.

டயர் வெடித்தல்: லாரி, டிராக்டர் சக்கரங்களுக்குக் காற்று நிரப்பும்போது சக்கரத்தின் நேர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். வளையம் பிரியக்கூடிய சக்கரங்களை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே நிரப்ப வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு: மூடிய அறையில் இன்ஜினை ஓடவிட்டால் இவ்வாயு சேரும். இதற்கு நிறமோ மணமோ இல்லை. ஒரே அறையில் உள்ள இருவர் மூவருக்கு ஒரே வேளையில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஏற்பட்டால் இவ்வாயுவே காரணமாக இருக்கக்கூடும். அனைவரும் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும்.

உயரழுத்தப் பீய்ச்சல்: கிரீஸ் கன், டீசல் இன்ஜெக்டர், ஹைட்ராலிக் குழாய் ஆகியவற்றிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியில் ஊசி குத்தியதுபோன்ற ஒரு புள்ளி மட்டுமே தெரியும். தொடக்கத்தில் வலியும் இராது. ஆனால் உள்ளே தசை அழியத் தொடங்கியிருக்கும். இது அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அவசர நிலை. சில மணி நேரத் தாமதத்தால் விரலையே இழக்க நேரிடலாம். கட்டுப் போட்டுக்கொண்டு பணியைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பேட்டரி: ஈய அமில பேட்டரியில் கந்தக அமிலம் உள்ளது. மின்னேற்றம் செய்யும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு ஒரு சிறு தீப்பொறியிலும் வெடிக்கும். மின்னேற்றும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். அங்குப் புகைபிடித்தலும் வெல்டிங்கும் கூடாது.

பெட்ரோலை வாயால் உறிஞ்சுதல்: குழாய் வைத்து வாயால் இழுக்கும் வழக்கம் இன்னும் பல பட்டறைகளில் உள்ளது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் சென்றாலும் கடும் அழற்சி ஏற்படும். இதற்குக் கைப்பம்பை மட்டுமே பயன்படுத்துங்கள்.

மின் வாகனங்கள்: புதிய ஆபத்து, பழைய பாடம்

2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில், தங்கும் விடுதி ஒன்று அமைந்த கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இயங்கிய மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தில் தீப்பற்றியது. புகை மேல்தளங்களுக்குப் பரவியது. 8 பேர் உயிரிழந்தனர். 2024 நவம்பர் 19 அன்று பெங்களூருவில் மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையம் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் அங்குப் பணிபுரிந்த இளம் பெண் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

லித்தியம் பேட்டரி தீப்பற்றினால் சில நிமிடங்களுக்குள் அடர்ந்த நச்சுப்புகை இடத்தை நிரப்பிவிடும். தணிந்ததுபோல் தோன்றிய தீ மீண்டும் பற்றும் தன்மையும் அதற்கு உண்டு. ஆகவே பின்வருவன கட்டாயம்:

- வெளியேறும் வழியிலும் மாடிப்படியின் கீழும் வாகனங்களுக்கு மின்னேற்றம் செய்யக் கூடாது.
- வீங்கிய, அடிபட்ட, நீரில் மூழ்கிய பேட்டரியைக் கட்டடத்துக்கு வெளியே தனியாக வைக்க வேண்டும்.
- இரண்டாவது வெளியேறும் வழி பூட்டப்படாமலும் பொருள்களால் அடைபடாமலும் இருக்க வேண்டும்.
- பேட்டரியிலிருந்து சீறும் ஒலியோ புகையோ வந்தால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல் அனைவரும் வெளியேற வேண்டும்.
- மின் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அதற்குரிய பயிற்சி பெறாதோர் அவற்றைத் தொடக் கூடாது.

நீங்கள் பணிபுரியும் இடத்தில் இன்றே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: மின்விளக்கு அணைந்து புகை சூழ்ந்தால், உங்கள் மேசையிலிருந்து வாசலுக்குச் செல்லும் வழி உங்களுக்குத் தெரியுமா?

மெல்ல வரும் நோய்கள்

பெயின்டிங் பிரிவும் ஆஸ்துமாவும்: கார்களுக்கு அடிக்கும் இருகலவை பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் எனும் வேதிப்பொருள் உள்ளது. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்போரில் சிலருக்கு ஆஸ்துமா உண்டாகும். இந்நோய் எளிதில் கண்டறியப்படாமல் போவதற்குக் காரணம் உண்டு. பணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. மாலையிலோ நள்ளிரவிலோ இருமலும் மூச்சிரைப்பும் தோன்றும். விடுமுறை நாள்களில் குறையும். வாரம் செல்லச் செல்லக் கூடும். இதனைச் சளி என்று எண்ணிப் பலர் மாதக்கணக்கில் இருமல் மருந்து மட்டும் அருந்துகின்றனர்.

ஒருமுறை உடல் இப்பொருளுக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதன் பின் மிகச் சிறு அளவும் மூச்சுத்திணறலை உண்டாக்கும். தொடக்கத்திலேயே கண்டறிந்து அப்பணியிலிருந்து விலகியோருக்கு நலம்பெறும் வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் அதே பணியில் நீடித்தோருக்குப் பணியை விட்ட பின்னும் ஆஸ்துமா தொடரக்கூடும்.

பிரேக், கிளட்ச் தூசி: பழைய பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் பிளேட்டுகளிலும் கல்நார் இருக்கக்கூடும். அதனால் வரும் நுரையீரல் நோய்களும் புற்றுநோயும் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். காற்றுக் குழாயால் தூசியை ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பைக்குள் கட்டி அகற்றுங்கள்.

எண்ணெயும் தின்னரும்: பணி முடிந்ததும் பெட்ரோலிலோ தின்னரிலோ கை கழுவுவது தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையை நீக்கி, வெடிப்பையும் தோல் அழற்சியையும் உண்டாக்கும். சமையல் எண்ணெயைத் தேய்த்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே நன்று. பழைய இன்ஜின் எண்ணெய் நீண்டகாலம் தோலில் படுவதைத் தவிர்க்க வேண்டும். எண்ணெயில் நனைந்த துணியைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள்.

டீசல் புகை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் இன்ஜின் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 2012ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது புகையைக் குழாய் மூலம் வெளியேற்ற வேண்டும். அவ்வசதி இல்லையேல் திறந்தவெளியில் சோதிக்க வேண்டும்.

காது: ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவரிடம் உரக்கக் கத்திப் பேச வேண்டியிருந்தால், அவ்விரைச்சல் செவித்திறனைப் பாதிக்கும் அளவில் உள்ளது எனக் கொள்ளலாம். இழந்த செவித்திறன் திரும்புவதில்லை.

முதுகும் கால்களும்: காட்சிக்கூடத்தில் நாள் முழுவதும் நிற்போருக்குக் கால் வீக்கமும் முதுகுவலியும் வரும். கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு இருக்கை வசதி அளிப்பதை, 2021ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின் வாயிலாகத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அமர்வது உங்கள் உரிமை.

வெப்பம்: கத்திரி வெயில் காலத்தில் தகரக் கூரையின் கீழ்ப் பணிபுரிவோர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்த வேண்டும். உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் நீரூற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

நோயின் முதல் அறிகுறியைப் பணியிடத்தைவிட வீடே முன்னதாகக் காண்கிறது. பின்வருவனவற்றைக் கண்டால் குறித்துவையுங்கள்:

- பணி நாள்களில் இரவு இருமல்; விடுமுறையில் ஓய்தல்
- தொலைக்காட்சி ஒலியை நாளுக்கு நாள் கூட்டுதல்
- நாள்தோறும் மாலையில் தலைவலி, எரிச்சல், மறதி
- கைகளில் ஆறாத வெடிப்பு, அரிப்பு
- சிறு காயத்தை மறைத்தல் அல்லது காரணத்தை மாற்றிக் கூறுதல்

பணி உடையை வீட்டின் பிற துணிகளுடன் சேர்த்துத் துவைக்காதீர்கள். குழந்தையைத் தூக்குமுன் குளித்து உடை மாற்றச் சொல்லுங்கள். பேட்டரி, பெயின்ட் பணிகளின் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

"மெக்கானிக்" என்று மட்டும் கூறினால் மருத்துவருக்குப் போதிய விவரம் கிட்டாது. பின்வருவனவற்றையும் கூறுங்கள்:

- எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுகளாகப் பணி
- கையாளும் பொருள்கள். முடிந்தால் ஹார்டனர், தின்னர் டப்பாவின் முகப்புச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள்
- அறிகுறி தோன்றும் நேரம். விடுமுறையில் குறைகிறதா என்பது
- உடன் பணிபுரிவோருக்கும் இதே தொல்லை உண்டா என்பது

நுரையீரல் செயல்திறன் சோதனை, செவித்திறன் சோதனை ஆகியவை தேவைப்பட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ செஞ்சி அரசு மருத்துவமனையிலிருந்தோ முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

முதலுதவி

- கண்ணில் அமிலம் அல்லது வேதிப்பொருள்: இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். அதன் பின்பே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.
- வெல்டிங் ஒளியால் கண் உறுத்தல்: சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். தாய்ப்பால், எண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடாதீர்கள். கண் மருத்துவரை அணுகுங்கள்.
- தீக்காயம்: 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் காட்டுங்கள். பற்பசை, மை, கிரீஸ் தடவாதீர்கள்.
- பெட்ரோலை விழுங்குதல்: வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.
- மின்தாக்குதல்: முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள், அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள்.
- விரல் துண்டானால்: துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். துண்டு பனிக்கட்டியில் நேரடியாகப் படக் கூடாது.

இரும்பு, துரு ஆகியவற்றால் காயம் ஏற்பட்டால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பணியிடத்தில் பாதுகாப்புப் பண்பாட்டை வளர்ப்பது எப்படி?

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சிறு பட்டறையிலும் பின்வருவன இயலும்:

- காலையில் பணி தொடங்குமுன் 5 நிமிடம் கூடிப் பேசுங்கள். "நேற்று எது தவறப் பார்த்தது?" என்ற ஒரு கேள்வி போதும். முதலில் உரிமையாளரோ மேற்பார்வையாளரோ தம் அனுபவத்தைக் கூறினால் ஹெல்பரும் வாய் திறப்பார்.
- ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு, நேர்ந்ததையும் அதற்குச் செய்த திருத்தத்தையும் எழுதுங்கள். சொன்னவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.
- ஆபத்து எனத் தோன்றினால் எவரும் பணியை நிறுத்தலாம் என்பதை விதியாக்குங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கும் அவ்வுரிமை உண்டு.
- ஆயுத பூஜை, மாத இறுதி ஆகிய நாள்களில் நல்ல நேரத்துக்குள் வண்டியை ஒப்படைக்க அவசரம் மிகும். அந்நாள்களில் ஆள்களைக் கூட்டுங்கள், சோதனைகளைக் குறைக்காதீர்கள்.
- ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்து வைக்கும்போதே பழுதான ஜாக்கி, வெடித்த குழாய், உரிந்த மின்கம்பி ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். பொட்டு வைத்த பின் அவை மீண்டும் பணிக்கு வரக் கூடாது.
- சோதனை ஓட்டத்துக்குச் செல்லும் ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் தலைக்கவசம் அல்லது இருக்கைப் பட்டை கட்டாயம்.

சட்ட உரிமைகள்

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிலையங்களில், மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) சேர்க்கப்பட வேண்டும். ஊதியத்தில் தொழிலாளர் 0.75 விழுக்காடும் உரிமையாளர் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். பணியின்போது ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாகப் பணி செய்ய இயலாதவருக்கு ஊதியத்தில் சுமார் 90 விழுக்காடு உதவித்தொகை கிடைக்கும். பணியால் வரும் ஆஸ்துமாவும் செவித்திறன் இழப்பும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளன.

இவ்வுரிமைகளைப் பெறச் சான்று தேவை. விபத்து நேர்ந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். மருத்துவமனையில் "வீட்டில் விழுந்தேன்" என்று கூறினால், அக்கூற்றே பின்னாளில் உங்கள் கோரிக்கைக்குத் தடையாகும். உண்மையான இடத்தையும் நேரத்தையும் கூறுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகத்தில் துணி கட்டினால் போதாதா?
போதாது. துணியும் சாதாரண முகக்கவசமும் பெயின்ட் ஆவியைத் தடுக்கா. இருகலவை பெயின்ட் அடிக்கும்போது, குழாய் வழியே தூய காற்று வரும் முகக்கவசமே உரிய பாதுகாப்பு. அடித்து முடித்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் அறையில் மிதக்கும். வெளியே வந்த பின்பே அதனைக் கழற்றுங்கள்.

சொன்னால் வேலை போய்விடுமோ என அஞ்சுகிறேன். என்ன செய்வது?
இவ்வச்சம் பலருக்கும் உண்டு. தனியாகச் சொல்லாமல் உடன் பணிபுரிவோருடன் சேர்ந்து சொல்லுங்கள். மருத்துவரின் சான்றை இணைத்து எழுத்தில் அளித்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். பணியை விடும் முன், வேறு பிரிவுக்கு மாற்றுமாறு கேளுங்கள். பெயின்டிங் பிரிவில் பணிபுரிய இயலாதவர் உதிரிபாகப் பிரிவில் நன்கு பணியாற்ற இயலும்.

எங்கள் பட்டறையில் நான்கு பேரே உள்ளோம். இ.எஸ்.ஐ. இல்லை.
இ.எஸ்.ஐ. பொருந்தாத இடங்களில் பணிக் காயத்துக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு உரிமையாளருடையது. இப்பொறுப்பு 1923ஆம் ஆண்டு முதல் இந்தியச் சட்டத்தில் உள்ளது. காலம் தாழ்த்தாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

பள்ளி விடுமுறையில் மகனைப் பட்டறையில் சேர்க்கலாமா?
14 வயது நிறையாதவரைப் பணியில் அமர்த்துவது தண்டனைக்குரிய குற்றம். 14 முதல் 18 வயது வரையிலானோரை ஆபத்தான பணிகளில் ஈடுபடுத்தவும் சட்டம் தடை விதிக்கிறது. தொழில் கற்க விரும்பினால், 10ஆம் வகுப்புக்குப் பின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்க்கலாம். சிறார் பணிபுரிவதைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

உடனே மருத்துவ உதவி நாட வேண்டிய நிலைகள்

- மூச்சுத்திணறல், ஒரு தொடரை முழுமையாகப் பேச இயலாமை
- மயக்கம், குழப்பம், வலிப்பு
- மார்பு, வயிறு, இடுப்பு ஆகியவற்றின் மேல் வாகனமோ பளுவோ விழுதல் (வெளிக்காயம் இல்லாவிடினும்)
- உயரழுத்தப் பீய்ச்சலால் ஏற்பட்ட எந்தக் காயமும்
- பேட்டரித் தீயின் புகையைச் சுவாசித்தல் (அப்போது நலமாக உணர்ந்தாலும்)

அவசர ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104. தீயணைப்பு: 101.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொதுவான விழிப்புணர்வுக்காக வழங்கப்படுபவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாக மாட்டா. அறிகுறிகள் இருப்பின் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகி, உங்கள் பணியின் விவரத்தை முதலில் கூறுங்கள்.